செவ்வாய்க்கிழமைத் தவளை

நூலகச் சுவரில் இருந்த என் தவளைகளுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார் பெயின்டர். நேற்றுவரை ஏழும் ஏழு நிறமாக இருந்தனவாம்.

"யார் அடிக்கச் சொன்னது?"

"உங்க மாமாதாம்மா. தவளைன்னா பச்சையாத்தானே இருக்கணும்னாரு."

மாமா என் அம்மாவின் தம்பி. சாயப்பட்டறையில் மேற்பார்வையாளர். நூலகம் பட்டறை முதலாளியின் நன்கொடை. திறப்பு விழாவில் குழந்தைகளுக்குக் கதை படிக்க, உள்ளூர்ப் பெண் என்று என்னை அழைத்திருந்தார்கள். என் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தே சுவரில் வரையச் சொல்லிவிட்டார்கள். உள்ளே புரட்டியது நேற்று இரவுதான்.

கதை இவ்வளவுதான். ஓடைத் தண்ணீர் தினம் ஒரு நிறம். அதில் குளித்துவிட்டு வரும் குட்டித் தவளையை அதன் அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. பட்டறை விடுமுறையான ஞாயிறன்று மட்டும் தெரியும். வெளியூர்க்காரர்கள் என் கற்பனையைப் பாராட்டினார்கள். நான் கிழமை கற்றுக்கொண்டதே அந்த ஓடையைப் பார்த்துத்தான்.

மாமா வியர்த்துப்போய் வந்தார்.

"கண்ணு, அந்த முயல் கதை இருக்கே, அதைப் படிச்சுட்டுப் போயிடேன்."

"தவளைக் கதைதான் மாமா."

"நீ வாயைத் திறந்தா காத்துதான் வரும்னு உங்கம்மா சொல்லுவா. இன்னைக்கு வீம்பு வருது! என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடாதே."

"கதையில உங்க பேர் இல்லையே."

"பட்டறை இருக்குல்ல?"

"ஓடையில இருக்கு. அதனால கதையிலயும் இருக்கு."

"அப்ப மைக் கிடைக்காது, பார்த்துக்கோ."

கிடைக்கவில்லை. முதலாளி முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மேடையிலிருந்து இறங்கி, தரையில் குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன்.

"செவ்வாய்க்கிழமை குட்டித் தவளை சிவப்பாக வந்தது."

"இல்லக்கா." முன்பல் விழுந்த சிறுமி கையைத் தூக்கினாள். "செவ்வாய்க்கிழமை ஊதா."

"சிவப்பு வெள்ளிக்கிழமைதான்!" என்றான் ஒருவன்.

"வெள்ளிக்கு ரெண்டு கலர் வரும்டா, மக்கு!"

கூடம் முழுக்க ஒரே கூச்சல். முதலாளி திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

நான் பேனாவை எடுத்தேன். சிவப்பை அடித்துவிட்டு ஊதா என்று எழுதினேன்.

"புதன்கிழமை என்ன கலர்?" என்று கேட்டேன். "பின்வரிசைக்கும் கேட்கற மாதிரி சொல்லுங்க."