குமாரபாளையம் படித்துறையில் கேட்ட குரல்

தண்ணீருக்கடியில் ஆண்ட்ரூஸ் பேசியதெல்லாம் குமிழிக்குள் அடைபட்டு மேலே வந்து, உடையும்போது அவர் குரலிலேயே கேட்டது. குமாரபாளையத்துக்கு மேலே, தடுப்பணை ஷட்டரைப் பற்றவைக்க இறங்கிய மூன்றாம் நாளிலிருந்து இப்படித்தான். நாமக்கல்லில் லாரி பாடி கட்டிக்கொண்டிருந்தவர், நீருக்கடி வெல்டிங் படித்து வந்திருந்தார். மெழுகு பூசிய ராடை இரும்பருகே கொண்டுபோய் "போடு" என்பார்; கரையில் உதவியாள் சின்னான் சுவிட்சைப் போடுவார். "நிறுத்து" என்றால் அணைப்பார். உயிர் அந்த இரண்டு சொற்களில்தான் இருந்தது. ஒப்பந்தக்காரர் ஜெயபிரகாஷ் மனம் குளிர்ந்து, வாடகைக்கு எடுத்த நீரடித் தொலைபேசியை அன்றே சேலத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆளை நம்பினால் அப்படி நம்ப வேண்டும்.

ஆடியில் மேட்டூரில் தண்ணீர் திறந்ததும் சொற்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டதால் வேலை நிற்கவில்லை. சின்னான் குத்துமதிப்பாகச் சுவிட்சைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை ஷட்டருக்கடியில் வாயு சேர்ந்து நின்றது. வெல்டிங் தீ தண்ணீரைப் பிரித்து உண்டாக்கும் வாயு அது. ஒரு பொறி போதும், ஆளோடு வெடிக்கும். வெள்ளமோ அவரை ஷட்டரோடு வைத்து அழுத்தியது. ராடு எதிலும் படாமல் கையை நீட்டிப் பிடித்தபடி, "நிறுத்து" என்று நான்கு முறை கத்தினார். நான்கும் கீழே படித்துறையில், துணி துவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி அக்சிலியாவின் சோப்பு நுரைக்கு நடுவே உடைந்தன. அக்சிலியா ஈரக்கையோடு சின்னானுக்குப் போன் போட்டார்.

"அண்ணா, அவரு நிறுத்தச் சொல்றாருங்க!"

"எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்களே" என்றபடியே சின்னான் சுவிட்சை அணைத்தார்.

தண்ணீரில் பாய்ந்த மின்சாரத்தில், பல்லில் அடைத்திருந்த வெள்ளி கரைந்துபோனதைத் தவிர ஆண்ட்ரூசுக்குச் சேதமில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி தொலைபேசி எங்கே என்று கேட்க, ஜெயபிரகாஷ் படித்துறையைக் காட்டினார். 'கருவி நல்ல நிலையில் உள்ளது' என்று அதிகாரி எழுதிக் கையெழுத்திட்டார். அதன்பின் அக்சிலியா தினமும் கைப்பேசியோடு படியில் உட்கார்ந்தார். போடு, நிறுத்து, போடு, நிறுத்து. நடுவே ஒரு நாள், பதினாறு வருடக் குடித்தனத்தில் தன் மனதில் இருப்பதை ஒருமுறைகூடச் சொல்லாத மனிதரின் குரல் கேட்டது:

"அக்சிலியா, பயமா இருக்குது."

அக்சிலியா கைப்பேசியைப் படியில் வைத்தார். இதைச் சின்னானுக்குப் போன் போட்டுச் சொல்ல முடியாது. முகத்தை ஆற்றில் அமிழ்த்தி, "பயப்படாதீங்க, நான் இங்கதானுங்க இருக்கறேன்" என்றார். காவிரி எதிர்த்திசையில் ஓடுவதில்லை. அன்று பிற்பகல் அது பள்ளிபாளையத்தில் துணி அலசிக்கொண்டிருந்த வசந்தாமணிக்குத்தான் கேட்டது.

"சரி சாமி" என்றார் அவர்.

இப்போது அந்தக் குரல் அங்கே தினமும் கேட்கிறது. பள்ளிபாளையத்துக்காரர்கள் முன்போல எதற்கும் அவ்வளவாகப் பயப்படுவதில்லை.