கசில்டாவின் தும்மல்

அம்மாவின் கைக்குட்டையைச் சவப்பெட்டிக்குள் வைக்க எல்விரா குனிந்தபோது, மேயர் ஹிலாரியோ கோயிலுக்குள் வந்தார்.

"என்ன கசில்டாக்கா, ஜலதோஷம் தேவலையா?" என்றார், பிணத்தைப் பார்த்து.

கசில்டாவின் தும்மல் சான் ரோக்கே மலை முழுக்கப் பிரசித்தம். ஜெனரல் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து ஞாயிறு பூசையில் அவருக்கென்று ஒரு மன்றாட்டு உண்டு. "நாட்டின் தந்தை ஜெனரலுக்காக மன்றாடுவோம்" என்று வாசித்ததும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஊரே முனகும். கசில்டா மட்டும் தும்முவாள். லேசுப்பட்ட தும்மலா அது? கோயிலிலிருக்கும் புனித ரோக்கே சிலையின் காலடியிலுள்ள மண் நாய்க்கு ஒரு காது உதிர்ந்ததே அதனால்தான். படைமுகாமுக்கு இழுத்துப்போய் விசாரித்தார்கள். அங்கேயும் தும்மினாள், ஜெனரல் படம் ஆணியோடு கீழே வந்தது. மெழுகுவத்திப் புகை ஒத்துக்கொள்ளவில்லையாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஏம்மா இந்த வம்பு?" என்று எல்விரா கேட்டதுண்டு.

"சாமி முன்னால பொய் சொன்னாத்தான்டி பாவம். தும்முனா பாவம்னு எந்த வேதத்துல இருக்கு?"

மேயர் எல்விராவிடம் திரும்பினார். "இன்னைக்கு ஜெனரல் மன்றாட்டை நீ வாசிக்கிற. தபாலாபீஸ் வேலை வேணுமில்ல?"

எல்விரா பாதிரியாரைப் பார்த்தாள். பாதிரியார் மெழுகுவத்தியைப் பார்த்தார்.

அவள் வாசிப்பு மேடையில் போய் நின்றாள். மூக்கைச் சுருக்கிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை, அம்மாவின் வரம் அவளுக்கு வாய்க்கவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் சோளரொட்டிக்குக் காத்திருந்தார்கள்.

"நாட்டின் தந்தை... ஜெனரலுக்காக... மன்றாடுவோம்."

மேயர் சிரித்தார். ஊர் பதில் முனகவேண்டிய இடத்தில், மூன்றாம் பெஞ்சிலிருந்த ரொட்டிக்கடை நிக்கானோர் தும்மினான். அடுத்து அவன் மனைவி. அப்புறம் கோயிலே தும்மியது. கூரை ஓடுகள் குதித்தன, வௌவால்கள் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்தன, மண் நாய்க்கு மிச்சமிருந்த காதும் போனது.

"எவன்டா அது?"

"புகைங்க, மேயரய்யா," என்றான் நிக்கானோர்.

"திரும்ப வாசி!"

எல்விரா திரும்ப வாசித்தாள், இந்த முறை நன்றாக உரக்க. மேயரின் காவலனே தும்மினான். பாதிரியார் அங்கியின் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பெட்டியை மூட ஆட்கள் வந்தார்கள். "வேற ஏதாச்சும் உள்ள வைக்கணுமா?"

"இல்ல," என்றாள் எல்விரா. கைக்குட்டையை நான்காக மடித்துத் தன் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டாள்.