ஒன்றரைச் சாண் வெள்ளை நாடா

அண்ணன் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார், எந்த நேரமும் எழுந்து போய்விடுகிறவர் மாதிரி. கேசட்டை மேசைமேல் வைத்தவர் அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"மிஷின் தின்னுடுச்சு. நடுவுல அறுந்திருக்கு. நீ இதெல்லாம் சரி பண்றேன்னு உன் அண்ணி சொன்னா."

"கையை எடுத்தாத்தானே பார்க்க முடியும்."

பதினெட்டு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

அந்தக் கேசட் நான் பேசி அனுப்பியது. அப்போது அண்ணன் கடல் தாண்டி ஒரு கட்டட வேலையில் இருந்தார். எனக்கு எழுத்துத் தெரியாது. நாற்பத்து மூன்று வயதில்தான் தொழிலாளர் சங்கத்து மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்தேன். அதுவரைக்கும் கடிதம் என்றால் எனக்குக் கேசட்தான்.

அம்மாவுக்கு நுரையீரலில் புற்று, மாதம் தாண்டாது என்று டாக்டர் சொன்ன வாரம் அது. அம்மாவுக்குத் தெரியக் கூடாது, அண்ணனுக்குத் தெரிய வேண்டும். அவளும் பெரியவனிடம் பேசணும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடிக்க அவள் எழுந்து போன இடைவெளியில் பொத்தானை அமுக்கி ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அப்புறம் அவள் வந்து பேசினாள். அண்ணன் இருக்கிற இடத்துக்குப் போகிற ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தான். திரும்பப் போட்டுக் கேட்க நேரமில்லை, அப்படியே கொடுத்துவிட்டேன்.

அண்ணன் வரவில்லை. இருபத்தாறாம் நாள் அம்மா போய்விட்டாள். எல்லாம் முடிந்து வந்து சேர்ந்தவர், அத்தனை பேர் முன்னால் என் சட்டையைப் பிடித்தார். "அம்மா சாகக் கிடக்கான்னு ஒரு வார்த்தை சொன்னியாடா?" முதல் வார்த்தையே அதுதான் என்றேன். அவர் கேசட்டைப் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டினார். பத்துப் பேரும் அப்படி எதுவும் இல்லை என்றார்கள். நான் போய்க் கேட்கவில்லை. கேட்பானேன்? வராத குற்றத்தை மறைக்க அழித்துவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் நான். இடுப்பு பிடித்து வருடக் கணக்கில் வீட்டில் கிடந்தபோது இந்தக் கேசட் வேலையில் கை பழகியது. நாடாவில் எங்காவது அழித்திருந்தால் இப்போது எனக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் வெறும் இரைச்சல் ஓடும். தொடங்கின இடத்திலும் நிறுத்தின இடத்திலும் பொத்தான் சத்தம் 'டக்'கென்று விழுந்திருக்கும். அதை இன்றைக்கு அவர் முகத்துக்கு நேராகவே போட்டுக் காட்டலாம். ஆனால் நாடா பிழைக்க வேண்டும்.

ஐந்து திருகாணியையும் கழற்றி மேல்மூடியைத் தூக்கினேன். சுருளின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. நாடாவை அழுத்திப் பிடிக்கிற பஞ்சுத்துண்டு உதிர்ந்து மூலையில் கிடந்தது.

"போச்சா?" என்றார் அண்ணன்.

"மூச்சு விடாம இருங்க. பறக்குது."

நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டார். டீ கொண்டுவந்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "மாமா, நீங்க தாராளமா மூச்சு விடுங்க. இவரு இப்படித்தான், இந்த நாடாவைக் குளிப்பாட்டுற பக்குவத்துல கால்வாசி பிள்ளைங்களைக் குளிப்பாட்டினது இல்ல" என்றாள். அண்ணன் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு வரைக்கும் போகவில்லை.

பூஞ்சையை மென்துணியால் ஒற்றி எடுத்தேன். அறுந்த இரண்டு முனையையும் சாய்வாக வெட்டி, நேருக்கு நேர் வைத்து, பின்பக்கம் ஒட்டினேன். மூட்டை தூக்கித் தடித்த விரல் இது. ஒரு மயிரிழை ஏறினாலும் அந்த இடத்தில் குரல் முழுங்கிவிடும். வேறொரு நல்ல கேசட்டின் கூட்டுக்குள் சுருள்களை மாற்றி வைத்து, தொடக்கத்துக்குக் கையாலேயே சுற்றினேன். மோட்டார் இழுப்பை இந்த நாடா தாங்குமோ என்னவோ.

பழுப்பு நாடா முடிந்து வெள்ளை நாடா வந்தது. சுருளோடு இழுத்துப் பிடிக்க ஒன்றரைச் சாண் நீளம் எல்லாக் கேசட்டிலும் இருக்கும். அதில் பூச்சு கிடையாது, பேசினால் பதியாது. ஓடி முடிய ஆறு நொடி. "வெள்ளை தாண்டட்டும், அப்புறம் பேசுங்க" என்று இந்த மேசையில் உட்கார்ந்து எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

கை அப்படியே நின்றுவிட்டது. பொத்தானை அமுக்கின கையோடு நான் சொன்னதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஆறு நொடி. அம்மாவைப் பற்றிச் சொன்னதெல்லாம் அதற்குள்தான்.

"என்னடா ஆச்சு?"

வெள்ளையோடு சேர்த்து ஒரு முழம் வெட்டிவிட்டு, ஆரம்பம் மட்கிப்போச்சு, உள்ளே என்ன இருந்ததோ யார் கண்டது என்று சொல்லிவிடலாம். பழி இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக நிற்கும். கத்தரிக்கோல் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கேசட்டை மூடி மிஷினில் போட்டேன்.

இரைச்சல் இல்லை, 'டக்' இல்லை. வெள்ளை ஓடி முடிந்ததும் என் இளவயதுக் குரல் பாதியில் தொடங்கியது: "...மத்தபடி பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்காங்க அண்ணே. இதோ அம்மா வந்துட்டாங்க, பேசுறாங்க."

நிறுத்தினேன். "நீங்க அழிக்கல."

"நான் எதுக்குடா அழிக்கப் போறேன்?"

"அழிச்சீங்கன்னுதான் இத்தனை வருஷமும் நினைச்சிருந்தேன்."

புதுக் கேசட் ஒன்றைப் பிரித்துப் போட்டேன். பொத்தானை அமுக்கி அன்றைக்குச் சொன்ன வேகத்திலேயே சொன்னேன். "அண்ணே, அம்மாவுக்கு நுரையீரல்ல புத்து. மாசம் தாண்டாதாம். உடனே கிளம்பி வாங்க. மத்தபடி பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்காங்க." திரும்பத் தொடக்கத்துக்குச் சுற்றி ஓடவிட்டேன். ஆறு நொடி ஒன்றுமில்லை. அப்புறம், "மத்தபடி பிள்ளைங்க எல்லாம்..."

அண்ணன் மிஷின் பக்கம் குனிந்தார். சட்டையைப் பிடிப்பார் என்றுதான் இருந்தேன். பிடித்திருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன்.

"மத்தபடின்னு ஆரம்பிக்குதே" என்றார். "எதுக்கு மத்தபடின்னு அன்னைக்கே நான் யோசிச்சிருக்கணும்ல?"

"நான் ஒருதரம் போட்டுக் கேட்டுட்டு அனுப்பியிருக்கணும்."

இல்லை என்று அவர் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மா பேசுறதைப் போடு."

போட்டேன். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, உயரத்தில் ஏறி வேலை செய்யாதே என்று அம்மா சொல்லிக்கொண்டே போனாள். ஒட்டுப் போட்ட இடம் ஒரு துள்ளலோடு கடந்தது. அதற்கப்புறம் இருமினாள். விடாமல் இருமினாள். பின்னால் என் குரல், "தூசிம்மா, தூசி" என்றது.

"இந்த இருமலை வேணும்னா எடுத்துடலாம்" என்றேன்.

"வேணாம். ஓடட்டும்."