அடிபட்டவர் மனைவி

பையனை உள்ளே அழைத்து வந்ததும் அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. சிறுவர் இல்லத்து ஆலோசகர் குறுக்கே வருவதற்குள் முதல் அறை அவன் கன்னத்தில் இறங்கிவிட்டது. அடுத்தது மூக்கில். ரத்தம் பொலபொலவென்று சட்டையில் கொட்டியது. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை.

"அம்மா, இது மனசு விட்டுப் பேசுற இடம். அடிக்கிற இடம் இல்ல," என்றார் ஆலோசகர், அவளைப் பின்னுக்கு இழுத்து.

"நானும் மனசு விட்டுத்தான் பேசினேன்."

போன வருடம் பேருந்துப் படிக்கட்டில் தொங்கி வந்த இவனை, அவள் கணவர் வண்டியை நிறுத்தி, சட்டைக் காலரைப் பிடித்து இறக்கிவிட்டார். ஓட்டுநர் வேலையில் அது புதிதல்ல. அவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் பையன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, சீட்டுக்கடியில் கிடந்த இரும்பு வீல் ஸ்பேனரை உருவினான். மண்டையில் ஓங்கி ஓங்கி அடித்தான். அவர் ஸ்டியரிங் மேல் சரிந்த பிறகும் அடித்தான். ஆள் வந்து தூக்கும் வரை அவர் நெஞ்சுக்கடியில் ஹாரன் அலறிக்கொண்டே இருந்ததாம்.

இப்போது அவருக்கு வலப்பக்கக் கைகால் வராது. பேச்சு குழறும். இரு தரப்பும் நேரில் பேசி ஒத்துக்கொண்டால் பையனை வெளியே தொழில் பழக விடலாம் என்று இல்லத்தில் சொன்னபோது, தலையை ஆட்டிச் சம்மதித்தவர் அவர்தான்.

"வி...டு," என்றார் இப்போதும், அவள் பக்கத்துச் சக்கர நாற்காலியிலிருந்து. "சின்...னப் பய."

"விடச் சொல்ல நீங்க யாருங்க?" அவள் திரும்பினாள். "உங்களுக்கு அடி விழுந்தது ஒரு நாள். எனக்கு அன்னாடம் விழுது."

வீட்டுக்குள்ளேயே மூடி வைத்திருந்தது வாயை மீறி வந்துவிட்டது. இனி நிறுத்த முடியவில்லை.

"மண்டையில அடிபட்டதுலேர்ந்து கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது இவருக்கு. இடது கை ஒண்ணுதான் நல்லா இருக்கு, அது போதும். போன மாசம் என் பல்லு ஒண்ணு போச்சு. அடிச்சிட்டுக் குழந்தை மாதிரி அழுவாரு. நான்தான் கண்ணத் தொடச்சி விடணும்."

கணவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எங்கப்பனும் அடிச்சிட்டு அழுவான்," என்றான் பையன்.

"அதச் சொல்லித் தப்பிக்கப் பாக்காதே!"

"தப்பிக்கல. காலரைப் புடிச்சப்ப எனக்கு எங்கப்பன் கைதான் தெரிஞ்சுது. ஆனா அடிக்கையில மூஞ்சியப் பாத்தேன். அவன் இல்லன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் நிறுத்தல." எச்சிலோடு ரத்தத்தையும் விழுங்கினான். "மன்னிப்பு கேக்கச் சொல்லிக் குடுத்தாங்க. வாய் வரல."

மறுபடி அடிக்கத்தான் அவள் கை பரபரத்தது. உள்ளங்கை ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. குனிந்து நாற்காலியை நிமிர்த்தினாள். அவன் முழங்காலில் இடிக்கிற மாதிரி எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"மூக்கப் புடிச்சுக்கோ," என்றாள். "இவருக்கு விழுந்த மொத அடியிலேர்ந்து சொல்லு. ஒண்ணு விடாம."

அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, சளி பிடித்த குழந்தையின் குரலில் சொல்லத் தொடங்கினான். விரலிடுக்கில் கசிந்த ரத்தம் மணிக்கட்டைத் தாண்டி, சட்டைக் கைக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.