இரண்டு நாள் நின்ற தண்ணீர்

கண்ணாடிகளை மூடச் சொல்லி டொறீன் அன்ரி வாய் மூடவில்லை, பிறெண்டா ஓடிப்போய் வெள்ளை விரிப்பை எடுத்து மீன்தொட்டியின் மேல் போட்டாள். சாவு விழுந்த வீட்டில் கண்ணாடிகளை மூடிவிட வேண்டும், படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம்.

"முதல்ல நிலைக்கண்ணாடிய மூடு பிள்ளை. அதிலதானே முகம் தெரியும்."

"இதுவும் கண்ணாடிதானே அன்ரி."

நாலு பக்கமும் கண்ணாடிதான், யார் இல்லையென்றது? ஆனால் விரிப்பின் கீழே ஒரு செடி இல்லை, ஒரு மீன் இல்லை. வெறும் மணலும் தண்ணீரும் கிடந்தன. அது தெரிந்தால் பதினேழு நாளாகத் தகப்பனுக்குச் சொல்லிவந்த பொய்யும் தெரிந்துவிடும். அன்று விடிய, உண்மையைக் கேட்காமலே ஹரல்ட் கண்ணை மூடிவிட்டார்.

அறைக்குள் இரண்டு பேர் அவருக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே சந்தியில் பட்டாசு வெடித்தது. வடக்கில் சண்டை முடிந்துவிட்டதாம், காலையிலிருந்து கொளுத்துகிறார்கள். ஒவ்வொரு வெடிக்கும் கூடத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்தார்கள்.

ஹரல்ட் தச்சுவேலைக்காரர், அதனால் ஊரார் அவரைப் பாஸ் என்றே கூப்பிடுவார்கள். நாலு வருசத்துக்கு முன், நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள் கடல் எழும்பி வந்தபோது கரையோர டச்பாரில் இருந்த வீடும் போனது, அவருடைய மனைவி எவ்லினும் போனார். மணலுக்குள்ளிருந்து எவ்லின் பீங்கான் அடுக்கும் அலுமாரி மட்டும் வந்தது. மரம் உப்பி உதவாமல் போயிருந்தாலும் கண்ணாடிகளில் ஒரு கீறல்கூட இல்லை. பனிச்சையடியில் புது வீடு கொடுத்த பிறகு அந்தக் கண்ணாடிகளை ஒட்டித்தான் மனுசன் தொட்டி செய்தார்.

பிறெண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மமியக் கொண்டுபோன தண்ணிய ஏன் வீட்டுக்குள்ள கொண்டந்து வைக்கிறீங்க?"

"இது அந்தத் தண்ணி இல்ல மகள். இது நிக்கிற தண்ணி."

தொட்டிக்கென்று கடையில் காசு கொடுத்து ஒன்றும் வாங்க மாட்டார். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சண்டை நடந்தபோது இடம்பெயர்ந்து பக்கத்து முகாமில் இருந்த பழுகாமத்துக் கதிர்காமத்தம்பி அவருக்குக் கூட்டாளியானார். ஊர் திரும்பிய பிறகு அந்த மனுசன் வயல்மண்ணும் குளத்துச் செடியும் கொண்டுவருவார். மண்ணை அரித்து அடியில் ஒரு விரற்கடை போட்டு, மேலே ஆற்றுமணலைப் பரப்புவார் ஹரல்ட். செடி மிதந்து வராமலிருக்க வீச்சுவலையின் ஈயத்தைத் தட்டித் தண்டில் சுற்றுவார். பால்மாத் தகரப்பேணியை வெட்டி விளக்குக்கு மூடி செய்வார். சீனியும் ஈஸ்ட்டும் கலந்த சோடாப் போத்தலிலிருந்து ஒரு குழாய் தொட்டிக்குள் இறங்கும். அந்தக் காற்றைக் குடித்துத்தான் செடி கொழுக்கிறது என்பார். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறும்போதுகூட, "நேர்ஸ் கழட்டினா அந்தக் குழாயக் கேட்டு வாங்கி வை மகள், தொட்டிக்கு உதவும்" என்றவர்.

அவரிடம் இரண்டு கட்டளைகள் இருந்தன. வெளிச்சம் காலை பத்திலிருந்து மாலை ஆறு மணி வரைதான், கூடினால் பாசி பிடித்துவிடும். புதுத்தண்ணீரை வாளியில் இரண்டு நாள் திறந்து வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், கிணற்றுக்குப் போடும் குளோரின் மருந்தின் நெடி போக வேண்டும். பிறெண்டா எதைக் காதில் வாங்கினாள்? கடல் வந்த பிறகு அவர்கள் தங்கிய அகதிமுகாமில் கிணறு கிணறாகக் குளோரின் போட்டுத் திரிந்தவள் அவள். குடமோ வாளியோ, தண்ணீர் என்றால் ஒரு குளோரின் குளிசையைப் போட்டு மூடினால்தான் அவளுக்கு மனம் ஆறும்.

தகப்பன் பக்கவாதத்தில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமை, கூடத்தைக் கழுவியவளுக்குத் தொட்டி கண்ணில் குத்தியது. நோயாளி வரும் வீட்டில் சேற்றுத்தண்ணீரா? மண்ணை அள்ளி வெளியே கொட்டினாள், கண்ணாடியைத் தேய்த்தாள், செடிகளை அலசித் திரும்ப நட்டாள். கிணற்றுத்தண்ணீரை நிரப்பி நாலு குளிசையைப் போட்டாள். அன்பில் செய்தாளா, பழைய கோபத்தில் செய்தாளா என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மறுநாள் மீன்கள் மிதந்தன. மூன்றாம் நாள் செடிகள் வெந்த கீரையாகக் கரைந்து போயின. நாலாம் நாள் ஹரல்ட்டைக் கதிரையில் வைத்து வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். தொட்டியின் முன்பக்கத்தை மட்டும் ஒரு பழைய துவாய் மறைத்துக் கிடந்தது.

அறைக்குள் படுத்தபடியே கேட்டார்.

"செடி எப்பிடி மகள்?"

"நல்லா இருக்கு டடி."

"லைற்ற நிப்பாட்டினியா?"

அன்றிலிருந்து காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் வெறுந்தொட்டியின் சுவிட்சை அவருக்குக் கேட்கும்படி அழுத்தி அடித்தாள். டக். உள்ளேயிருந்து குழறலாகக் குரல் வரும்: "குட் கேர்ள்." நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்றே பதினேழு நாளும் போய்விட்டன.

மத்தியானம் தாண்டிக் கதிர்காமத்தம்பி வந்தார். எல்லாரும் பூவோடு வர அந்த மனுசன் கையில் பிளாஸ்ரிக் கலன். கூடத்தில் சவப்பெட்டிக்கு முன்னால் கைகட்டி நின்றார். பிறகு பிறெண்டாவைக் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டு குசினிப்பக்கம் போனார்.

"பாலத்தடியில ஆமிக்காரன் கையவிட்டுத் துழாவிப் பாத்துத்தான் விட்டவன். செடி கொஞ்சம் கசங்கிப்போச்சு புள்ள."

கலனுக்குள் குளத்துத்தண்ணீரில் பச்சையாகச் சுருண்டு கிடந்தது.

"ஏன் அங்கிள் மினக்கெட்டுக் கொண்டுவந்த நீங்க? தொட்டி நிறையக் கிடக்குதானே."

சொல்லும்போதே நாக்குக் கூசியது. கதிர்காமத்தம்பி அவளைப் பார்க்காமல் கலனின் மூடியைத் திருகினார்.

"எனக்குத் தெரியும் புள்ள."

"என்ன தெரியும்?"

"போன கிழமை நான் வந்தநேரம் பாஸ் சொன்னவர். கதிரையில தூக்கி வரக்குள்ளயே மருந்து மணத்திச்சாம். முகாமில ஆறு மாசம் குடிச்ச மணம், அவருக்குத் தெரியாதா?"

பிறெண்டா குசினிக் கதவைச் சாத்தினாள்.

"அவர் ஒண்டும் கேக்கல்லயே அங்கிள்."

"கேக்கப்படாதெண்டு என்னட்டயும் சத்தியம் வாங்கினவர். 'புள்ளைக்குத் தண்ணியெண்டாப் பயம், பயத்தில போட்டுட்டாள். நீ கொஞ்சம் செடி கொண்டு வா, அவள் சந்தைக்குப் போற நேரமாப் பாத்து நட்டுருவம்' எண்டார். நான்தான் விதைப்பு வேலையில இண்டைக்கு, நாளைக்கெண்டு இருந்துட்டன்." கலனின் மூடியைத் திரும்ப இறுக்கினார். "ஆறு மணிக்கு நீ சுவிச்ச அடிக்கிறதச் சொல்லிச் சிரிச்சவர் புள்ள. 'பாவம், ஒருநாளும் பிந்தமாட்டாள், நானும் குட் கேர்ள் எண்டுருவன்' எண்டார்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காலையில் பிணத்துக்கு முன்னால் வராத அழுகை அது. ஒருநாள், ஒரேயொரு நாள் அறைக்குள் போய், "டடி, நான் எல்லாத்தையும் சாகடிச்சுப்போட்டன்" என்று சொல்லியிருந்தால் இரண்டுபேருமாகச் சிரித்திருக்கலாம். அவர் படுக்கையிலிருந்து வழி சொல்ல, அவள் ஈயம் சுற்றி நட்டிருக்கலாம்.

கதிர்காமத்தம்பி கலனைத் தூக்கினார்.

"இப்பயே நட்டுருவமா?"

"வேணாம் அங்கிள்." அவள் முகத்தைத் துடைத்தாள். "தண்ணி ரெண்டு நாள் நிக்கோணும்."

தொட்டியிலிருந்த தண்ணீரை இருவருமாக வாளி வாளியாக அள்ளிக் கொல்லையில் ஊற்றினார்கள். விரிப்பை விலக்கும்போது டொறீன் அன்ரி பார்த்தாள், மற்றவர்களும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது பிறெண்டாவுக்கு. பிறகு கிணற்றில் புதுத்தண்ணீர் அள்ளிப் பெரிய வாளியை நிரப்பி முருங்கைக்குக் கீழே வைத்தாள். குளிசைப் போத்தல் கிணற்றுக்கட்டிலேயே இருந்தது.

மறுநாள் பின்னேரம் ஹரல்ட்டை அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். வீட்டில் நின்ற அன்ரி வாசலிலேயே சொன்னாள்:

"வாளி திறந்து கிடந்திச்சு, தட்டால மூடிவிட்டன். மூடாட்டி உனக்கு நித்திரை வராதே."

"குளிசை போட்டீங்களா?"

"இல்ல, போடவா?"

"வேணாம் அன்ரி."

பிறெண்டா கொல்லைக்குப் போய்த் தட்டை எடுத்துக் கிணற்றுக்கட்டில் சாய்த்து வைத்தாள். ஒரு முருங்கைப்பூ தண்ணீரில் விழுந்து மெல்லச் சுற்றியது. அதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். கூடத்தில் பெட்டி வைத்திருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. தொட்டியில் தண்ணீர் இல்லை. காலையில் அவள் போட்ட விளக்கு மட்டும் மணலின் மேல் எரிந்துகொண்டிருந்தது.

சுவர்மணிக்கூடு ஆறைக் காட்டியதும் சுவிட்சை அழுத்தினாள். டக்.

கையை எடுக்காமல் அறை வாசலைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றாள்.