மணிக்கட்டு சொன்ன வயது

மகளைப் பெற்ற தேதி தனக்குத் தெரியும் என்று ரயிலம்மா பதினாறு வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தாள். அது தவறு என்று கால்பந்துச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது.

ரயிலம்மாவுக்கு ரயிலில்தான் வேலை. டிக்கெட் பரிசோதகர். பன்னிரண்டு வயதுக்குக் கீழே அரை டிக்கெட் என்பதால், அவள் போய்வரும் தடத்தில் எந்தக் குழந்தைக்கும் பன்னிரண்டு வயது ஆவதேயில்லை. மீசை அரும்பிய பதினொரு வயதுக்காரர்களை அவள் தினமும் பார்ப்பாள். ஆளை ஏற இறங்கப் பார்த்து வயதைச் சொல்வதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வம் அவளுக்கு நிறையவே உண்டு. அப்படிப்பட்டவள் வீட்டுக்கே இப்படி ஒரு கடிதம்.

மகள் கோல்கீப்பர். ஐந்தடி பத்தங்குலம். அவளைத் தாண்டி எதுவும் உள்ளே போகாது என்பதால் முகாமில் அவளுக்குப் பூட்டு என்று பெயர். பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களின் தேசிய அணிக்குத் தேர்வாகி மூன்று மாதமாக முகாமில் இருந்தாள். கண்டத்துப் போட்டிக்கு அணி கிளம்ப இன்னும் பன்னிரண்டே நாள். போகிற வீராங்கனைகள் இருபத்து மூன்று பேர். அவர்களைப் பத்திரமாகக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் பொறுப்பாளர்கள் பத்தொன்பது பேர். பெண் பிள்ளைகள் விஷயம், கவனமாக இருக்க வேண்டும் அல்லவா?

சோதனை வந்த கதையும் அப்படித்தான். முந்தைய வருடம் பதினேழு வயதுக்குட்பட்ட பையன்கள் அணியின் கேப்டன், தன் மகனைப் பள்ளியில் சேர்க்கப் போன படம் பத்திரிகையில் வந்துவிட்டது. சங்கத்துக்கு மானம் போயிற்று. உடனே கடுமையான நடவடிக்கை எடுத்தார்கள்: பெண்கள் எல்லோருக்கும் இடது மணிக்கட்டில் எக்ஸ்ரே. எலும்பின் நுனியில் வளர்ச்சிக்கான இடைவெளி மூடியிருந்தால் வயது தாண்டிவிட்டது, திறந்திருந்தால் சரி. பூட்டின் எலும்பு மூடியிருக்கிறது என்றது கடிதம். அதற்குக் கீழே, முகாமில் கொடுத்த இரண்டு ஜெர்சிகளையும் துவைத்துத் திருப்பித் தரவும் என்றும் இருந்தது.

பூட்டு பையோடு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் அழவில்லை. வீட்டில் கையுறைகளை வாளியில் ஊறப் போட்டுக் கசக்கும்போதுதான் அழுதாள். பையை அடுக்கிக் கொடுத்தவள் அறைத்தோழி, அணியின் முன்கள ஆட்டக்காரி. அவள் பெயர் கட்டெறும்பு. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள். இவள் தேய வேண்டிய அவசியமே இல்லாமல் அந்த அளவிலேயே இருந்தாள். பூட்டின் தோளுக்குக்கூட வரமாட்டாள். ஆனால் அணி அந்த வருடம் போட்ட கோல்களில் பாதி அவளுடையது.

அப்பா கப்பலில் சமையல்காரர். நடுக்கடலிலிருந்து பேசினார். சங்கத்துக்கே நேரில் போகப்போகிறேன் என்றாள் ரயிலம்மா. தான் வேண்டுமானால் விடுப்பு எடுத்து வரட்டுமா என்று கேட்டுவிட்டு, அவரே, "நீ போறேன்னா நான் எதுக்கு? பாவம், அவங்களே தாங்கமாட்டாங்க," என்றார்.

சங்கத்தின் முன்கூடத்தில் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். எல்லாம் ஆண்கள் வென்றவை. கடைசிக் கோப்பையை வென்ற வருடம் ரயிலம்மா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். செயலாளர் மரியாதையான மனிதர். பந்தைக் காலால் தொட்டவர் அல்ல. இளமையில் சதுரங்கம் ஆடியவர். அந்தப் பழக்கத்தில், எந்தச் சிக்கல் வந்தாலும் யாரையாவது முன்னே தள்ளிவிட்டுத் தான் பின்வரிசையில் பத்திரமாக இருப்பார். அன்று பாவம், தள்ளுவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

ரயிலம்மா பிறப்புச் சான்றிதழையும், ஆஸ்பத்திரிச் சீட்டையும், தடுப்பூசி அட்டையையும் மேசையில் வரிசையாக வைத்தாள். அவர் எதையும் தொடவில்லை.

"காகிதம் யார் வேணா வாங்கலாம்மா. எலும்பு பொய் சொல்லாது. உயரத்தைப் பாருங்க. பதினாறு வயசுப் பொண்ணு மாதிரியா இருக்கு?"

ரயிலம்மாவுக்குச் சுருக்கென்றது. எத்தனையோ தாய்மாரிடம் இதே வார்த்தையை இதே குரலில் அவளே சொல்லியிருக்கிறாள்.

"அவளைப் பெத்தப்போ நான் அங்கதான் சார் இருந்தேன்," என்றாள்.

செயலாளர் அதை நியாயமாகவே எடைபோட்டுப் பார்த்தார். "இருந்திருப்பீங்க. ஆனா நீங்க சம்பந்தப்பட்டவங்க. உங்க சாட்சி செல்லாதுல்ல?"

அப்படியானால் எக்ஸ்ரே படத்தையாவது காட்டுங்கள் என்றாள். விதியில் இடமில்லை என்றார். எந்த விதி என்று கேட்டாள். அதைக் காட்டவும் விதியில் இடமில்லையாம்.

முன்கூடத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. ரயிலம்மா அதில் உட்கார்ந்தாள். ஓடும் ரயிலில் எட்டு மணி நேரம் நின்றே பழகியவளுக்கு ஓடாத பெஞ்சில் உட்காருவது சிரமமா? முதல் நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் நாள் வந்து போனவர்களெல்லாம் யார் என்ன என்று விசாரித்தார்கள். அவளும் ஒன்றுவிடாமல் எல்லோரிடமும் சொன்னாள். மூன்றாம் நாள் வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் கோப்பைகளைப் பார்க்க வருவதாக இருந்தது. விருந்தாளி வருவதற்கு அரைமணி முன்னால் விதி தளர்ந்து, படம் ஓர் உறையில் வந்து சேர்ந்தது.

ரயிலம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல தகடு எங்க சார்?"

எந்தத் தகடு என்று செயலாளர் கேட்டார். பதினான்கு வயதில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து கோல்கம்பத்தில் மோதியதில் பூட்டின் இடது மணிக்கட்டு உடைந்தது. உள்ளே ஒரு தகடும் நாலு ஸ்க்ரூவும் வைத்துத் தைத்தார்கள். எடுத்துவிடலாம் என்று டாக்டர் பிறகு சொன்னபோது, ஆட்டம் தவறிப்போகும் என்று அவள் மறுத்துவிட்டாள். தழும்பு மணிக்கட்டில் பளிச்சென்று தெரியும். கைப்புண்ணுக்குக் கண்ணாடியே வேண்டாம் என்பார்கள். இவர்கள் எக்ஸ்ரே எடுத்தும் பார்க்கவில்லை. ஜன்னலில் தெரிந்த எலும்பு கழுவித் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

செயலாளர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு வருஷம் ஆச்சுல்ல? கரைஞ்சிருக்கும்மா."

"ஸ்டீல் சார்."

அதற்குமேல் அவரிடம் காய் இல்லை. எக்ஸ்ரே டாக்டரம்மா படப் பெட்டியோடு வரவழைக்கப்பட்டாள். அவள் முன்னால் படங்கள்தான் வரும், பெண்கள் வருவதில்லை. படத்தைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு அவள் வேலை முடிந்தது. உறைகளில் பெயர் எழுதியது படம் எடுத்த ஆள். இருபத்து மூன்றையும் சாப்பாட்டு நேரத்துக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற கடமையுணர்ச்சியில் எழுதியிருந்தான். டாக்டரம்மா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். பதினான்காவது படத்தில் தகடும் நாலு ஸ்க்ரூவும் தெளிவாகத் தெரிந்தன. எலும்பின் நுனியும் திறந்துதான் இருந்தது. உறையின் மேல் கட்டெறும்பின் பெயர்.

செயலாளரின் முகத்தில் மூன்று நாளில் முதல் தடவையாக ரத்தம் ஓடியது.

"பாத்தீங்களா? சோதனை தப்பில்ல. கவர்தான் மாறிப்போச்சு. பேரை மட்டும் மாத்தி இன்னொரு லெட்டர் அடிச்சாப் போதும். நாளைக்கு உங்க பொண்ணை வரச்சொல்லுங்க."

ரயிலம்மா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பாதித் தெரு போன பிறகுதான், தான் ஜெயித்த ஆட்டத்தில் தோற்றது யார் என்று அவளுக்கு உறைத்தது.

நேரே முகாம் விடுதிக்குப் போனாள். கட்டெறும்பு வாசல் படியில் உட்கார்ந்து பூட்ஸுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். பூட்டு திரும்பி வரப்போகிறாள் என்றதும் எழுந்து ஒரு குதி குதித்தாள். அந்தச் சந்தோஷத்தின் நடுவில் மற்றதைச் சொல்ல ரயிலம்மாவுக்கு நாக்கு எழவில்லை. அவளுடைய பிறந்தநாள் என்றைக்கு என்று மட்டும் கேட்டாள்.

"ஜனவரி ஒண்ணு. எங்க ஹோம்ல எல்லாருக்குமே ஜனவரி ஒண்ணுதாம்மா. எழுபது பேருக்கும் ஒரே கேக்."

"நிஜமா எப்பன்னு தெரியாதா?"

"என்னை வாசல்ல விட்டுட்டுப் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்." அவள் நாடாவைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். "ஏம்மா, எதுக்குக் கேக்கறீங்க?"

சும்மாதான் என்றாள் ரயிலம்மா.

வீட்டில் பூட்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பூட்டு ஜெர்சி மடிப்பதை நிறுத்திவிட்டு, "அவளை வெளியே அனுப்பிட்டுத்தான் நான் போகணும்னா எனக்கு வேண்டாம்மா," என்றாள். அதைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளைகளுக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ரயிலம்மாவுக்கு அப்படி இல்லை. அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே பதினெட்டு ஆகியிருந்தால்? அவளால் இடம் கிடைக்காமல் போன பதினாறு வயதுப் பிள்ளை எங்கோ ஒரு வீட்டில் இதேபோல் கதவைச் சாத்திக்கொண்டிருக்குமே? வாழ்நாளெல்லாம் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவளுக்கு, சந்தேகத்தை யாருக்குச் சாதகமாக்குவது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மாவிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: எலும்பு மூடினால் வயது தாண்டியது என்பது நிச்சயமா?

"பையன்களுக்கு ஓரளவு சொல்லலாம். பொண்ணுங்களுக்குச் சீக்கிரமே மூடிடும். சில பேருக்குப் பதினஞ்சுலயே மூடிடுது. இதை வெச்சு இவங்க வயசைச் சொல்றது கைரேகை பாக்கற மாதிரிதான்."

"அப்புறம் ஏன் டாக்டர் எழுதிக் குடுத்தீங்க?"

"மூடியிருக்கா, திறந்திருக்கான்னுதான் கேட்டாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு யாருமே கேக்கலையே."

இப்போது ரயிலம்மா கேட்டாள். டாக்டரம்மா தன் பெயர் அச்சிட்ட தாளில் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினாள். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல எழுதினாள்.

செயலாளர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, விஞ்ஞானத்தில் கருத்து வேறுபாடுகள் சகஜம் என்றார். கட்டெறும்புக்கான கடிதம் அவர் மேசையில் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"சார், ஒரு சின்ன சந்தேகம்," என்றாள் ரயிலம்மா. "ரெண்டு கவர் மாறினது நமக்குத் தெரிஞ்சுபோச்சு, எம் பொண்ணு கையில தகடு இருந்ததால. மீதி இருபத்தொண்ணு மாறலைன்னு எப்படித் தெரியும்? அவங்க கையில தகடு இல்லையே."

செயலாளர் பேனாவை மூடினார்.

"நான் கேக்கலை சார். முன்கூடத்துல மூணு நாளா என்கிட்ட விசாரிச்சவங்கள்ல ரெண்டு பேர் பத்திரிகைக்காரங்க. அவங்க கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

செயலாளர் ஜன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தள்ளிவிட ஆள் தேடுவதுபோலக் கதவையும் பார்த்தார். அணி கிளம்ப எட்டு நாள்தான் இருந்தது. எல்லோருக்கும் மறுபடி படம் எடுத்தால் யார் யாருடைய எலும்பு மூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும் அபாயமும் இருந்தது. அன்று மாலையே சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. சர்வதேசத் தரத்தில் நடந்த விஞ்ஞானப் பரிசோதனையில் இருபத்து மூன்று வீராங்கனைகளும் தகுதி பெற்றதாகவும், வயது விஷயத்தில் சங்கம் எந்தச் சமரசமும் செய்துகொள்ளாது என்றும் அதில் இருந்தது. படங்கள் இருந்த பெட்டி அலுவலகத்தை மாற்றியடுக்கும்போது தொலைந்துபோயிற்று. பூட்டுக்குப் பதிலாக அவசரமாக அழைத்திருந்த மூன்றாவது கோல்கீப்பரை, ஐந்து நாள் பயிற்சியோடு நன்றி கூறித் திருப்பி அனுப்பினார்கள். அவளுக்கும் ஒரு ஜெர்சி துவைக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணின் வீட்டு எண்ணை எப்படியோ வாங்கி ரயிலம்மா கூப்பிட்டாள். எடுத்தது அவளுடைய அம்மா. யார் பேசுவது என்று தெரிந்ததும் வைத்துவிட்டாள். வைத்ததில் தப்பில்லை என்றுதான் ரயிலம்மாவுக்கும் பட்டது.

போட்டியில் அணி முதல் ஆட்டத்தில் நாலு கோல் வாங்கித் தோற்றது. இரண்டாவதில் இரண்டு. பூட்டைத் திறக்கச் சாவிகள் உலகத்தில் நிறைய இருந்தன. மூன்றாவது ஆட்டத்தை ரயிலம்மா பணியில் இருந்தபடியே, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நின்று போனில் பார்த்தாள். எண்பதாவது நிமிடத்தில் ரயில் குகைக்குள் நுழைந்து படம் உறைந்துவிட்டது. வெளியே வந்தபோது ஒன்றுக்குச் சைபர் என்று காட்டியது. யார் அடித்தது என்று தெரிய இன்னும் ஒரு நிமிடம் ஆயிற்று. பத்துப் பேர் கூடி ஒருத்தியைத் தரையோடு அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அடியில் இருந்தவள் கண்ணுக்கே தெரியாததால், அது கட்டெறும்புதான் என்று நிச்சயமாயிற்று. அந்த அணி வெளிநாட்டு மண்ணில் ஜெயித்த முதல் ஆட்டம் அது. அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் எடுத்த படத்தில் செயலாளர் நடுவில் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பத்தொன்பது பொறுப்பாளர்களும் இருக்கிறார்கள். ஓரத்தில் இடம் போதாமல் ஆறு வீராங்கனைகள் வெட்டுப்பட்டுவிட்டார்கள்.

அடுத்த வருடம் கட்டெறும்பு பெரியவர்கள் அணிக்கு விண்ணப்பித்தாள். வயது போதாது, உடல் இன்னும் முதிரவில்லை என்று அதே சங்கத்திலிருந்து பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் ரயிலம்மாவின் வீட்டுக்கு ஓடிவந்தாள். ரயிலம்மா இரண்டு தடவை படித்தாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கட்டெறும்புக்கு நிஜமாக எத்தனை வயது என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ரயிலம்மா முயலவுமில்லை. ஆனால் சில நாள் அவள் பேசிக்கொண்டிருக்கும்போது, பழக்க தோஷத்தில் ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இப்போது இருவரும் வெவ்வேறு கிளப்புகளில் ஆடுகிறார்கள். போன மாதம் நடந்த ஆட்டத்தில் கட்டெறும்பு பூட்டின் கால்களுக்கு நடுவிலேயே பந்தைத் தட்டி இரண்டு கோல் போட்டாள். பூட்டு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.