அகெய்ன் ப்ளீஸ்

வெள்ளிக்கிழமை கடலூரிலிருந்து கிருஷ்ணவேணியைப் பெண் பார்க்க வருகிறார்கள். இன்று புதன். நடுவில் மிச்சம் ஒரே ஒரு வியாழன்.

விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர்க் கால்களை இணைக்கும் டிரங்க் போர்டு முன்னால் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தாள். மறுமுனையில் திண்டிவனம் ஆபரேட்டர் தேவநாதன். ஒரு வருஷமாகப் பழகிய குரல், முகம் பார்த்ததில்லை. நேற்று டியூட்டி முடிகிற நேரத்தில் பெண் பார்க்க வரும் சேதியைச் சொன்னாள். "ஓ... அப்படிங்களா" என்றான். அவ்வளவுதான். ஆசாமி மனசில் ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் மரக்கட்டையா? அது தெரியாமல் கடலூர்க்காரர்கள் முன்னால் எப்படிக் காபித் தட்டோடு போய் நிற்பது?

கேட்டுவிடலாம்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர் கோதண்டபாணி உலாத்திக்கொண்டிருந்தார். லைனில் சொந்தக் கதை பேசினால் மெமோ.

எண்பத்து நாலாம் வருஷத்து ஐப்பசி மழையில் லைன் ஊறிப்போயிருந்தது. பேசுகிற பார்ட்டிகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆபரேட்டர்களுக்கு மட்டும் ஏதோ கேட்டது. இந்த மாதிரி நாளில் ஒரு வழக்கம் உண்டு. அந்த ஊர் ஆள் பேசுவதை அந்த ஊர் ஆபரேட்டர் சொல்ல, இந்த ஊர் ஆபரேட்டர் அதை அட்சரம் பிசகாமல் சத்தமாகத் தன் பார்ட்டிக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் விழாவிட்டால் ஒரே மந்திரம்: "அகெய்ன் ப்ளீஸ்." பக்கத்து சீட் செண்பகம் வாய்ப் பழக்கத்தில் மாமியாரிடமே அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

திண்டிவனத்திலிருந்து ராயப்பன் என்பவர் கூப்பிட்டார். கோபித்துக்கொண்டு விழுப்புரத்துக்கு அம்மா வீடு வந்துவிட்ட மனைவி பொன்னியிடம் பேச வேண்டுமாம்.

"சொல்றேன் கேளுங்க," என்றான் தேவநாதன். "பொன்னி, நேத்து சோறு திங்க உக்காந்தேன். ரெண்டு தட்டு எடுத்துட்டேன். அப்புறம் ஒண்ணக் கொண்டுபோய் உள்ள வச்சேன். வந்துரு பொன்னி."

கிருஷ்ணவேணி அப்படியே திருப்பிச் சொன்னாள். கடைசி வார்த்தையில் அவளுக்கே குரல் இளகியது.

"இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லும்மா," என்றாள் பொன்னி.

"ஏங்க, கேக்கலையா?"

"நல்லா கேட்டுச்சு. அதான்."

இன்னொரு முறை சொல்லப்பட்டது. பொன்னி மூக்கை உறிஞ்சினாள். "சனிக்கெழம வர்றேன்னு சொல்லு. அதுவரைக்கும் கேப்பைக் களி கிண்டுறேன்னு கைய சுட்டுக்க வேணாம்னு சொல்லு."

கிருஷ்ணவேணி சொன்னாள். தேவநாதன் அதை ராயப்பனிடம் சொல்வது இரைச்சலுக்குள் கேட்டது. பிறகு தேவநாதன் ஒரே மூச்சில் பேசினான். காலையிலிருந்து பழகிப்போன வாய். யோசிக்காமல் அதையும் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள்.

"நாளைக்கு எங்க அம்மாவக் கூட்டிக்கினு உங்க வீட்டுக்குப் பொண்ணு கேக்க வர்றேன். வரலாமா?"

செண்பகம் போர்டில் செருகப் போன ஒயர் அந்தரத்தில் நின்றது.

"யாரு, எங்க ஊட்டுக்கா?" என்றாள் இன்னும் லைனில் இருந்த பொன்னி. "எங்க மாமியா போய்ச் சேந்து எவ்ளோ காலமாச்சு."

அப்போதுதான் கிருஷ்ணவேணிக்கு உறைத்தது. காது மடல் வரை சூடு ஏறியது. கோதண்டபாணி மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். மெமோதான்.

"பார்ட்டி காத்துக்கினு இருக்காரு இல்ல," என்றார். "ஜல்தியா பதில் சொல்லும்மா."

கிருஷ்ணவேணி ஹெட்செட் மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டாள். "விழுப்புரம் பார்ட்டி... வாங்கன்னு சொல்றாங்க."

மழை விட்டிருந்தது. இரைச்சல் அடங்கி, லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"அகெய்ன் ப்ளீஸ்," என்றான் தேவநாதன்.

"என்னவாம்?" என்றார் கோதண்டபாணி.

"கேக்கலையாம் சார்," என்று சொல்லிவிட்டு, கிருஷ்ணவேணி இன்னொரு தடவை சொன்னாள்.